எதிரியின் ஆட்சியில் ஒரு கொலை வழக்கு: 'எஸ்எஸ்-ஜிபி' தொடரும் நிஜப் போலீஸ்காரர்களும்

பிபிசியின் 'எஸ்எஸ்-ஜிபி' தொடரைப் பார்த்து முடித்த ஒருவர் கேட்ட கேள்வி இது: ஹிட்லர் பிரிட்டனைப் பிடித்துவிட்டார், லண்டன் தெருக்களில் ஸ்வஸ்திகா கொடி பறக்கிறது. அப்போதும் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி ஒருவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் கொலை விசாரணைக்குக் கிளம்புகிறார். இதெல்லாம் நடக்கிற காரியமா? எதிரி ஆளும் ஊரில் உள்ளூர்ப் போலீஸ் என்று ஒன்று மிஞ்சியிருக்குமா? அப்படியே இருந்தாலும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் சாகும் காலத்தில் ஒற்றைப் பிணத்துக்காக யார் மெனக்கெடுவார்கள்?

நடக்கிற காரியம்தான், நடந்தும் இருக்கிறது. இந்தத் தொடரில் எனக்கு நம்பிக்கை தளர்ந்த இடங்கள் வேறு. அந்த அதிகாரி, டக்ளஸ் ஆர்ச்சர், வேலைக்குப் போவது அவற்றில் ஒன்றல்ல. கதையில் எல்லாவற்றையும்விட நிஜமான பகுதி அதுதான் என்பேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். 2017 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிபிசி ஒன் அலைவரிசையில் ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பானது. லென் டெய்ட்டன் 1978இல் வெளியிட்ட நாவலுக்கு, ஜேம்ஸ் பாண்ட் படங்களின் எழுத்தாளர்களான நீல் பர்விஸும் ராபர்ட் வேடும் திரைக்கதை எழுதினார்கள். 1940ஆம் ஆண்டு வான்போரில் ஜெர்மனி வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கற்பனை. கதை நடப்பது 1941 நவம்பரில். மன்னர் லண்டன் டவரில் கைதி. ஹிட்லர் ரஷ்யா மீது இன்னும் பாயவில்லை. பெர்லினும் மாஸ்கோவும் கைகுலுக்கிக்கொண்டிருக்கின்றன. லண்டனின் ஷெப்பர்ட் மார்க்கெட் பகுதியில், பழம்பொருட்கள் நிறைந்த ஓர் அறையில் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். பார்த்தால் கள்ளச்சந்தைக்காரர் போலத் தெரிகிறது. ஆனால் பிணத்தின் கையில் இருப்பது சாதாரணத் தீக்காயம் அல்ல. வழக்கு டக்ளஸ் ஆர்ச்சரிடம் வருகிறது. சாம் ரைலி நடித்திருக்கிறார். அடுத்ததாக, ஹூத் என்ற எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் தனிப்படை) அதிகாரி பெர்லினிலிருந்தே வந்து இறங்குகிறார். ஒரு கள்ளச்சந்தைக்காரரின் சாவுக்கு பெர்லினிலிருந்து ஆள் வருவானேன் என்று யோசித்தால் கதை போகும் திசை தெரிந்துவிடும். அணுகுண்டு ஆராய்ச்சி.

இனிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாட்டைப் பிடித்த படை அந்த நாட்டுப் போலீஸைக் கலைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நடந்தது இதற்கு நேர் எதிர். போர் விதிகள் பற்றிய 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 43ஆவது விதி, கைப்பற்றிய பகுதியில் பொது ஒழுங்கைக் காப்பது ஆக்கிரமித்தவரின் பொறுப்பு என்கிறது. தவிர்க்கவே முடியாத நிலை தவிர, அந்த நாட்டில் ஏற்கெனவே உள்ள சட்டங்களை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாஜிகள் சர்வதேசச் சட்டத்துக்குப் பயந்தவர்கள் அல்லர். மேற்கு ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். சைக்கிள் திருட்டுக்கும் ரேஷன் அட்டை மோசடிக்கும் குடும்பத் தகராறில் நடந்த கொலைக்கும் ஜெர்மன் ஆட்களை எங்கிருந்து கொண்டுவருவது? ஊர் தெரிந்த, மொழி தெரிந்த, கோப்புகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரிந்த ஆட்கள் அங்கேயே சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அவர்களை வேலையில் தொடரவிட்டால் போதும்.

அந்த ஆட்களுக்கும் ஒரு நியாயம் கையில் இருந்தது. ஆட்சி மாறினாலும் கொலை கொலைதான். கொலைகாரனைப் பிடிப்பது அரசியல் அல்ல, தொழில். ஆர்ச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் கிட்டத்தட்ட இதுதான். இது வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது, உண்மையும் இதில் இருக்கிறது. சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பாரிஸில் நடந்த ஒரு நிஜ வழக்கைச் சொல்கிறேன். எந்தத் திரைக்கதை எழுத்தாளரும் இப்படி ஒரு காட்சியை எழுதினால் தயாரிப்பாளர் நம்பமாட்டார்.

1944 மார்ச் 11. பாரிஸின் 16ஆவது வட்டாரம், லெ சூர் தெரு, 21ஆம் எண் வீடு. சில நாட்களாகப் புகைபோக்கியிலிருந்து கரும்புகையும் குமட்டும் நாற்றமும் வருவதாக அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் வந்து கதவைத் தட்டினால் ஆள் இல்லை. வீட்டுக்காரர் மார்செல் பெட்டியோ என்ற டாக்டர், வசிப்பது வேறிடத்தில். தொலைபேசியில் அழைத்ததும், உள்ளே நுழைய வேண்டாம், இதோ வருகிறேன் என்றார். வரவில்லை. தீயணைப்புப் படையினர் ஜன்னல் வழியாக உள்ளே போனார்கள். நிலவறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அடுப்பில் மனித உடல்களின் பாகங்கள். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக் குழி, அதிலும் அதே.

இந்தக் களேபரத்துக்கு நடுவே பெட்டியோ சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் நின்ற போலீஸ்காரர்களிடம் ரகசியக் குரலில் அவர் கேட்டது, நீங்கள் நல்ல பிரெஞ்சுக்காரர்கள்தானே என்று. உள்ளே கிடப்பவை ஜெர்மானியர்கள், நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆகியோரின் உடல்கள். நான் ஜெர்மானியர்களுக்கு எதிரான ரகசிய எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவன். எதிரியின் கையில் சிக்குவதற்குள் அழிக்க வேண்டிய ஆவணங்கள் வீட்டில் இருக்கின்றன என்றார். போலீஸ்காரர்கள் அவரைப் போகவிட்டார்கள். டாக்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போயேவிட்டார்.

அந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். எரியும் பிணங்களோடு ஒருவன் கையும் களவுமாக நிற்கிறான். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அந்தக் காவலர்கள் இரண்டு நொடியில் விலங்கு மாட்டியிருப்பார்கள். 1944இல் அதைச் செய்தால் ஒரு தேசபக்தனை நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் ஒப்படைத்த பாவம் சேரலாம். செய்யாவிட்டால் ஒரு கொலைகாரன் தப்பலாம். இந்த இரண்டில் எது என்று முடிவெடுக்க அவர்களுக்குக் கிடைத்தது வாசற்படியில் நின்ற சில நிமிடங்கள்தான்.

விசாரணைக்கு வந்தவர் ஜார்ஜ்-விக்டர் மாசு, பாரிஸ் குற்றப் பிரிவின் தலைவர். எழுத்தாளர் ஜார்ஜ் சிமெனோன் படைத்த மெக்ரே என்ற துப்பறிவாளர் பாத்திரத்துக்கு முன்மாதிரிகளாகச் சொல்லப்படுபவர்களில் இவரும் ஒருவர். அவருக்கும் அதே குழப்பம். இது எதிர்ப்பு இயக்கத்தின் வேலையா, கெஸ்டபோவின் வேலையா, தனி ஆளின் வெறியா? கெஸ்டபோவுக்காக வேலை செய்த பிரெஞ்சுக் கும்பல் ஒன்று அதே வட்டாரத்தில், லோரிஸ்டன் தெருவிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. மாசு அன்றிரவே பெட்டியோவின் வீட்டுக்குப் போகவில்லை. இரவில் ஒருவரின் வீட்டுக்குள் நுழையச் சட்டம் இடம் கொடுக்காது என்பது சொல்லப்பட்ட காரணம். விடிந்து போனபோது பறவை பறந்திருந்தது. பெட்டியோவைக் கைதுசெய்யுமாறு ஜெர்மானியர்களிடமிருந்தும் உத்தரவு வந்தது. அது குழப்பத்தைத் தீர்த்ததா, கூட்டியதா என்று சொல்வது கடினம். அவர்கள் தேடும் ஆளைத் தேடிக் கொடுப்பது நல்லதா கெட்டதா?

உண்மை பிறகு வெளிவந்தது. தப்பி ஓடத் துடித்தவர்களிடம், அவர்களில் பலர் யூதர்கள், அர்ஜென்டினாவுக்கு அனுப்பிவைக்கிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு, அந்த வீட்டுக்கு வரவழைத்துக் கொன்றிருக்கிறார். அவர்களுடைய சூட்கேஸ்கள் டஜன் கணக்கில் கிடைத்தன. அதைவிட விசித்திரம், ஆட்களைத் தப்பவைக்கும் இயக்கம் நடத்துகிறார் என்று நம்பி கெஸ்டபோவே 1943இல் அவரைப் பிடித்து மாதக்கணக்கில் சிறையில் வைத்திருந்தது. பாரிஸ் விடுதலையான பிறகு தாடி வளர்த்து, பெயரை மாற்றி, எதிர்ப்புப் படையில் அதிகாரியாகவே சேர்ந்துகொண்டார். 1944 அக்டோபர் 31 அன்று ஒரு மெட்ரோ நிலையத்தில் பிடிபட்டார். 26 கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்டு 1946 மே 25 அன்று கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டது.

மாசுவின் கதை வேறு மாதிரி முடிந்தது. விடுதலைக்குப் பிறகு, எதிரியோடு ஒத்துழைத்தார் என்ற குற்றச்சாட்டில் அவரையே கைதுசெய்தார்கள். காவலில் இருந்தபோது தற்கொலைக்கு முயன்றார். பிற்பாடு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒற்றைப் பிணத்தை யார் பொருட்படுத்துவார்கள் என்று கேட்டீர்களே, மாசு பொருட்படுத்தினார். செத்தவர்களில் பெரும்பாலோர் எந்த ஆட்சிக்குப் பயந்து ஓடினார்களோ, அந்த ஆட்சியின் கீழ் இருந்துகொண்டேதான் அவர்களைக் கொன்றவனைத் தேடினார். கொலைகாரனைத் தேடியதற்காக அவர்மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் குற்றமாகப் பார்க்கப்பட்டது.

இப்படிப் பார்க்கப்பட்டதில் வியப்பில்லை. அதே பாரிஸ் போலீஸ்தான் 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தது. அவர்களில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கதவைத் தட்டியவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர், பிரெஞ்சுச் சீருடைக்காரர்கள். அடுத்த மாதம் ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் போலீஸ் தலைமைச் செயலர் ரெனே பூஸ்கேயும் பிரான்ஸில் இருந்த எஸ்எஸ்ஸின் தலைவர் ஓபெர்கும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிரெஞ்சுப் போலீஸின் தனித்தன்மையை ஜெர்மனி மதிக்கும், பதிலுக்கு பிரெஞ்சுப் போலீஸ் ஒத்துழைக்கும் என்பது அதன் சாரம். நம் துறையை நம் கையிலேயே வைத்துக்கொண்டோம் என்று பூஸ்கே தரப்பு இதை வெற்றியாகவே சொன்னது. 1944 ஆகஸ்டில் அதே பாரிஸ் போலீஸ் தலைமையகத்தைக் கைப்பற்றி ஜெர்மானியர்களுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியது, அதற்காகக் கௌரவிக்கவும்பட்டது. இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே இரண்டே ஆண்டு. ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் இப்படி நடந்துகொண்டிருக்கமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. அதற்குக் கற்பனை தேவையில்லை. பிரிட்டிஷ் மன்னருக்கு உட்பட்ட சேனல் தீவுகள் 1940 கோடையிலிருந்து 1945 மே வரை ஜெர்மனியின் கையில் இருந்தன. தலையில் அதே பிரிட்டிஷ் ஹெல்மெட்டோடு கான்ஸ்டபிள் ஜெர்மன் அதிகாரியோடு பேசிக்கொண்டு நிற்கும் புகைப்படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டுவேலை அல்ல, அசல் படங்கள். யூதர்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்ற ஜெர்மன் உத்தரவு அவற்றில் ஒன்றான குர்ன்ஸி தீவின் ராயல் கோர்ட்டில் வந்தபோது எதிர்ப்புத் தெரிவித்தவர் சர் ஆபிரகாம் லெய்னே ஒருவர் மட்டும். 1942 ஏப்ரலில் தெரேஸ் ஸ்டைனர், அகுஸ்டே ஸ்பிட்ஸ், மரியானே க்ரூன்ஃபெல்ட் ஆகிய மூன்று யூதப் பெண்கள் அந்தத் தீவிலிருந்து பிரான்ஸுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மூவரும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மாண்டார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லும் தகவல் தெரேஸுக்குக் கிடைத்தது உள்ளூர்ப் போலீஸ் நிலையத்தில்.

அதே தீவின் போலீஸைப் பற்றி இன்னொரு வழக்கும் உண்டு. எந்தத் துப்பறியும் தொடருக்கும் தாங்கும். ஊரடங்கு நேரத்தில் தெருவில் நடமாடும் உரிமை போலீஸ்காரர்களுக்கு இருந்தது. அவர்களில் சிலர் அதைப் பயன்படுத்தி ஜெர்மன் கிடங்குகளிலிருந்து உணவுப் பொருட்களைத் திருடிப் பசித்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பிபிசி ஒலிபரப்பில் எதிரிக்குத் தொல்லை கொடுங்கள் என்று கேட்டதுதான் தூண்டுதல் என்று பின்னர் சொன்னார்கள். தீவுவாசிகளின் கிடங்குகளிலிருந்தும் பொருட்கள் போயின, மதுவும் அதில் இருந்தது என்பது அரசுத் தரப்பு. 1942இல் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் பிடிபட்டார்கள். ஜெர்மன் ராணுவ நீதிமன்றம் மட்டுமல்ல, தீவின் சொந்த நீதிமன்றமும் அவர்களைத் தண்டித்தது. ஐரோப்பியச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. திரும்பியவர்கள் போருக்குப் பிறகு செய்த மேல்முறையீடும் எடுபடவில்லை. சொந்த நாடே அவர்களைத் திருடர்கள் என்றுதான் வைத்திருந்தது. திருட்டா, எதிர்ப்பா? இரண்டும் கலந்ததுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் தீர்ப்புப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கில் போலீஸ் மீது ஜெர்மனிக்கு நம்பிக்கை போய்விட்டது. 1944 செப்டம்பர் 19 அன்று சுற்றிவளைத்து ஏறக்குறைய இரண்டாயிரம் போலீஸ்காரர்களைப் பிடித்து புக்கன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அதன்பின் போர் முடியும்வரை அந்த நாட்டில் முறையான போலீஸே இல்லை. ஊர்க்காவல் குழுக்களை வைத்துச் சமாளித்தார்கள். போலீஸ் வேண்டாம் என்று ஆக்கிரமிப்பாளர் முடிவெடுத்தால் ஊர் எப்படி இருக்கும் என்பதை அங்கே மக்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். ஆகவே, எல்லோரும் பேட்ஜைக் கழற்றி எறிந்திருக்க வேண்டியதுதானே என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பின்னணியோடு 'எஸ்எஸ்-ஜிபி' தொடரைப் பார்த்தால், அது சரியாகப் பிடித்தவை நிறைய. ஆர்ச்சரின் மேலதிகாரி கெல்லர்மன் சிரித்த முகம், இனிய பேச்சு. அவரை வெறுப்பதே கஷ்டமாக இருக்கிறது. ஹூத் அப்படியல்ல, கத்தி மாதிரி. எஸ்எஸ்ஸுக்குள்ளேயே இவர்கள் இருவருக்கும் ஆகாது. எஸ்எஸ்ஸுக்கும் ராணுவத்துக்கும் அதைவிட ஆகாது. ஆக்கிரமிப்பு என்பது ஒற்றை முகம் கொண்டதல்ல, பல அலுவலகங்களின் குடுமிப்பிடிச் சண்டை என்பதை இந்தத் தொடர் அளவுக்குக் காட்டியவை குறைவு. பிரான்ஸிலும் ராணுவ நிர்வாகமும் எஸ்எஸ்ஸும் போலீஸ் அதிகாரத்துக்காக அப்படித்தான் முட்டிக்கொண்டன. ஆர்ச்சரின் உதவியாளர் ஹாரி வுட்ஸும் நன்றாக அமைந்த பாத்திரம். மூத்தவர், கோபக்காரர், மேலதிகாரியின் சமரசத்தைப் பார்த்துக் குமைபவர்.

பின்னணித் தகவல்களிலும் அடிப்படை இருக்கிறது. பிரிட்டனைப் பிடித்தவுடன் யார் யாரைக் கைதுசெய்ய வேண்டும் என்று நாஜிப் பாதுகாப்புத் தலைமையகம் நிஜமாகவே ஒரு பட்டியல் அச்சிட்டு வைத்திருந்தது; ஏறக்குறைய 2,800 பெயர்கள். எச்.ஜி. வெல்ஸ், வர்ஜீனியா உல்ஃப், பெர்ட்ரண்ட் ரஸல் எல்லாம் அதில் உண்டு. 1939இலேயே இறந்துபோன சிக்மண்ட் ஃபிராய்டும் உண்டு! லண்டனில் இந்த வேலைக்குத் தலைமை தாங்க ஃபிரான்ஸ் ஸிக்ஸ் என்ற பேராசிரியரை நியமித்தும் இருந்தார்கள். கெல்லர்மன் போன்ற நாகரிகமான ஆள் கற்பனையின் மிகை என்று தோன்றினால் ஸிக்ஸை நினைத்துக்கொள்ளலாம்.

குறை என்று எனக்குப் படுவது, பலரும் புகார் சொன்ன ஒலிப்பதிவு அல்ல. (முதல் பகுதி வந்த அன்று வசனமே புரியவில்லை, எல்லோரும் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள் என்று பிரிட்டனில் பெரிய சலசலப்பு எழுந்தது. சப்டைட்டிலோடு பார்க்கும் நமக்கு அந்தச் சிரமம் கிடையாது.) அமெரிக்கப் பத்திரிகையாளரோடு வரும் காதல் தொய்வாக இருப்பதும் இரண்டாம்பட்சம். முக்கியமான குறை, வழக்கு சீக்கிரமே மிகப் பெரிதாகிவிடுவதுதான்.

முதல் பகுதியில் ஆர்ச்சர் முன்னால் இருப்பது கூர்மையான கேள்வி: இந்தக் கொலைகாரனைக் கண்டுபிடித்தால் யாரிடம் ஒப்படைப்பேன்? துப்பறியும் கதைகளில் இந்தக் கேள்வியே எழாது. கடைசி அத்தியாயத்தில் விலங்கு மாட்டியதும் நீதி நடந்துவிட்டதாக வாசகரும் எழுத்தாளரும் பேசாமலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆக்கிரமிப்பில் அந்த ஒப்பந்தம் முறிகிறது. திறமையான துப்பறிவாளர் என்றால் எதிரிக்கு அதிகம் பயன்படுபவர் என்று பொருள். இதை வைத்துக்கொண்டு ஐந்து பகுதிகளையும் நடத்தியிருக்கலாம். ஆனால் அணுகுண்டும் மன்னரை மீட்கும் திட்டமும் நுழைந்ததும் ஆர்ச்சருக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. ஹிட்லர் கையில் அணுகுண்டு கிடைக்கலாமா என்று கேட்டால் யாரும் யோசிக்கத் தேவையில்லை. மனைவியைக் கொன்ற ஒரு சாதாரணக் கடைக்காரனை, எஸ்எஸ் தூக்கில் போடும் என்று தெரிந்தே பிடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தால் ஆர்ச்சருக்கும் தூக்கம் போயிருக்கும், நமக்கும் போயிருக்கும். லெ சூர் தெருவின் வாசற்படியில் நின்ற காவலர்களுக்கு அணுகுண்டு ரகசியம் எதுவும் தேவைப்படவில்லை. மூலநாவலும் பெரிய சதிகளை நோக்கித்தான் நகர்கிறது என்பதால் பர்விஸையும் வேடையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதே வகையில் வேறு என்ன பார்க்கலாம் என்றால், 2009 முதல் 2017 வரை பிரான்ஸ் 3 ஒளிபரப்பிய 'அன் வில்லாஜ் ஃபிரான்ஸே' தொடரை முதலில் சொல்வேன். துப்பறியும் தொடர் அல்ல. ஆக்கிரமிப்பில் சிக்கிய ஒரு சிற்றூரின் கதை. ஆனால் அதில் வரும் மார்ஷெட்டி என்ற இளம் போலீஸ் அதிகாரி, மேலே சொன்ன பூஸ்கே ஒப்பந்தம் ஒரு தனிமனிதனுக்குள் எப்படி வேலை செய்யும் என்பதைப் பருவம் பருவமாகக் காட்டுகிறார். கெட்டவனாகத் தொடங்கவில்லை, கெட்டிக்காரனாகத் தொடங்குகிறான். குர்ன்ஸி தீவில் ஆர்வம் வந்திருந்தால் 1978 முதல் 1980 வரை லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் எடுத்த 'எனிமி அட் த டோர்' இருக்கிறது. பழைய ஸ்டூடியோத் தோற்றம், நிதானமான நடை, ஆனால் வசனம் வலுவானது. தோற்ற பெர்லினில் 1946இல் நடக்கும் 'த டிஃபீட்டட்' வென்றவர்களின் ஆக்கிரமிப்பில் இயங்கும் போலீஸைக் காட்டுகிறது. துப்பாக்கி இல்லாமல் நாற்காலிக் காலைத் தடியாக வைத்துக்கொண்டு வேலைபார்க்கும் அந்தப் புதுப் போலீஸ்காரர்கள் வரும் காட்சிகளுக்காகப் பார்க்கலாம். தொடர்கொலைக் கதை என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் நடக்கும் 'ஃபாய்ல்ஸ் வார்' இதற்கெல்லாம் மறுபுறம்: போர் நடந்தாலும் நாடு தன் கையில் இருக்கும்போது ஒரு நேர்மையான துப்பறிவாளருக்கு எவ்வளவு வசதி என்பது, 'எஸ்எஸ்-ஜிபி' பார்த்த கையோடு அதைப் பார்த்தால் நன்றாகவே உறைக்கும்.